பத்து வயதுப் பிள்ளைக்கு 24 அடி கோலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் கால்பந்துப் போட்டி அறிவிப்பு ஒட்டப்படாத சுவரே இராது. தூத்தூர் வட்டாரத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஊதியம் ஏதும் பெறாமல் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்து வருகிறேன். 12 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டிகளை நாம் நடத்தும் முறையை மாற்றியாக வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகப் போட்டி அமைப்பாளர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பெரியவர்கள் ஆடும் கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்டது. அடிக்கணக்கில் 24-க்கு 8. நாலரை அடி உயரமுள்ள ஒரு பிள்ளையை அதன் நடுவே நிறுத்திவிட்டு, தலைக்கு மேலே போகும் பந்தைத் தடுக்கவில்லை என்று வெளியிலிருந்து சத்தம் போடுகிறோம். மைதானமும் 100 மீட்டர் நீளம், அணிக்கு 11 பேர், பந்தும் பெரியவர்களுக்கான ஐந்தாம் எண் பந்து. அது 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ளது. மழையில் நனைந்த மைதானத்தில் இன்னும் கனமாகத் தெரியும். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே நான்காம் எண் பந்து எல்லா விளையாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆயினும் எங்கள் பகுதியில் நடக்கும் போட்டிகளில் நான் அதைக் கண்டது மிக அரிது.

இதனால் என்ன நேர்கிறது என்பதைக் களத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் அறிவார்கள். சென்ற ஆண்டு ஒரு போட்டியில், வலது ஓரத்தில் ஆடிய எங்கள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை மட்டும் கவனித்து எண்ணினேன். முதல் பாதி முழுவதிலும் அவன் காலில் பந்து நான்கே முறை பட்டது. உடல் வளர்ச்சியில் முந்திய இரண்டு மூன்று பையன்கள் பந்தை ஓங்கி உதைத்து அதன் பின்னே ஓட, மற்றவர்கள் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு மூன்று பேரை வைத்துக் கோப்பையை வென்றுவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பந்தைக் காலில் நிறுத்துவதையும், நிமிர்ந்து பார்த்துக் கொடுப்பதையும், எதிராளியைத் தாண்டுவதையும் அந்த வயதில் கற்க வேண்டிய மற்றப் பிள்ளைகள் எதையும் கற்காமலே வீடு திரும்புகிறார்கள்.

இதில் பயிற்சியாளராகிய என் தவறும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அரையிறுதியில் இரண்டு சிறுவர்களைக் கடைசிவரை களமிறக்காமல் உட்காரவைத்தேன். அவர்களில் ஒருவன், “சார், நான் எப்போ இறங்குவேன்?” என்று மூன்று முறை கேட்டான். டை-பிரேக்கரில் தோற்றோம். அடுத்த வாரத்திலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று அழைத்தும் வரவில்லை. அந்த நாள் முதல், 12 வயதுக்கு உட்பட்ட அணியில் யாராக இருந்தாலும் குறைந்தது பாதி ஆட்டமாவது களத்தில் இருக்க வேண்டும் என்பதை எனக்கு நானே விதியாக்கிக்கொண்டேன். ஆனால் ஒரு பயிற்சியாளர் மட்டும் இதைக் கடைப்பிடித்துப் பயனில்லை. போட்டியின் விதியே அப்படி அமைய வேண்டும்.

நாக்-அவுட் முறை இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. 16 அணிகள் வந்தால் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியேறுகின்றன. விடியற்காலையில் வேனில் ஏறி வந்த பிள்ளைகள் நாற்பது நிமிடம் ஆடிவிட்டு முகம் வாடித் திரும்புகிறார்கள். ஒரே மைதானத்தைக் குறுக்கே பிரித்து இரண்டு சிறு களங்களாக்கி, மூங்கிலிலோ பி.வி.சி. குழாயிலோ சிறிய கோல்களை நட்டு, அணிக்கு ஏழு பேர் வீதம் ஆடவைத்தால், நான்கு அணிகள் கொண்ட ஒரு பிரிவின் ஆறு ஆட்டங்களையும் அரை மணி நேர ஆட்டங்களாக ஒரே காலைப்பொழுதில் முடித்துவிடலாம். தோற்றாலும் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. விளக்கொளியில் பெரியவர்கள் ஆடும் செவன்ஸைக் காண ஊரே திரள்கிறது. அதே ஆட்டத்தைப் பிள்ளைகளின் அளவுக்குச் சுருக்கித்தரவே கேட்கிறேன்.

கால்பந்தில் முன்னிற்கும் நாடுகள் இதைச் செய்து பார்த்தவைதாம். இங்கிலாந்தில் வயதுக்கு ஏற்ப முதலில் ஏழு பேர், பிறகு ஒன்பது பேர் என்று படிப்படியாகவே பதினொருவர் ஆட்டத்திற்குக் கொண்டுசெல்கிறார்கள். ஜெர்மனியில் 2024-25 பருவம் முதல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் சிறு களமும் சிறு கோல்களும் கொண்ட புதிய முறையையே கட்டாயமாக்கியிருக்கிறார்கள். தலையால் பந்தை முட்டும் பயிற்சியை ஆரம்பப் பள்ளி வயதில் தரலாகாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020-இல் அறிவுறுத்தியது. நம் போட்டிகளிலோ, பத்து வயதுப் பையன் அந்தப் பெரிய பந்தை நெற்றியில் வாங்கித் தடுமாறினால் கைதட்டுகிறோம்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த மாற்றம் வழிதிறக்கும். 2018-இலும் 2023-இலும் தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையைத் தமிழ்நாடு வென்றது. அப்படியிருந்தும் எங்கள் பக்கத்து ஊர்களில் 11 பேர் சேரவில்லை என்ற ஒரே காரணத்தால் பெண் பிள்ளைகளின் அணிகள் பெயர்கூடப் பதியாமல் நின்றுவிடுகின்றன. ஏழு பேர் போதும் என்றால் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அணி உண்டு.

இவ்வாறு நடத்துவதற்குக் கூடுதலான ஆட்கள் வேண்டும் என்பதை மறுக்கவில்லை; இரண்டு களங்களுக்கு இரண்டு நடுவர்கள், நேரம் பார்க்க ஒருவர், முதலுதவிக்கு ஒருவர் தேவை. ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்கில் திரும்பாத எங்கள் ஊர்த் தந்தையரால் மே மாதத்தில் இதற்கு நேரம் ஒதுக்க இயலாது. ஆனால் மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் அவர்கள் கரையில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இளமையில் இதே மணலில் ஆடியவர்கள், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடர் வரை சென்ற இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜைப் போன்றவர்கள் இந்தக் கரையிலிருந்து எழுந்ததை நேரில் பார்த்தவர்கள். மே மாதத்து ஒருநாள் கோப்பைக்குச் செலவாகும் பணத்தின் ஒரு பகுதியை, அந்த இரண்டு மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்களுக்கிடையே ஒரு சிறு லீக் நடத்த ஒதுக்குமாறு தேவாலயங்களின் பங்குப் பேரவைகளையும் விளையாட்டு மன்றங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

களம் அளக்கவும், விசில் பிடிக்க முன்வரும் தந்தையருக்கும் தாய்மாருக்கும் சிறுவர் ஆட்ட விதிகளைச் சொல்லித்தரவும், என்னைப் போன்ற தன்னார்வப் பயிற்சியாளர்கள் எந்த ஊருக்கும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தன்னார்வக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.