சாஸ் இனி கட்டாயமில்லை: புதனுக்குள் சரிபாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். நம் பில்டு கருவியின் அடுத்த பதிப்பு வெள்ளி மாலை 6 மணிக்கு வெளிவருகிறது. அதில் சாஸ் (Sass: வலைப்பக்கத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் ஸ்டைல் மொழி) தானாக நிறுவப்படாது. வெறும் சிஎஸ்எஸ் எழுதுபவர்கள் அதைச் சுமக்கத் தேவையில்லை. முன்பு நோட்-சாஸ் என்ற பழைய சாஸ் பேக்கேஜின் சி++ பகுதி கம்பைல் ஆகாமல் மொத்த நிறுவலும் நின்றுபோனது நினைவிருக்கும்.

1. உங்கள் புராஜெக்டில் எஸ்சிஎஸ்எஸ் கோப்புகளை (சாஸில் எழுதிய .scss கோப்புகள்) தேடுங்கள். வியூ (.vue) கோப்புகளின் ஸ்டைல் பகுதியையும் பாருங்கள், அங்கேதான் கண் தவறும்.
2. இருந்தால் சாஸ் பேக்கேஜை நீங்களே சேருங்கள். நோட்-சாஸ் வேண்டாம், அது கைவிடப்பட்டது.
3. நம் கருவிக்குப் பிளகின் எழுதுபவர்கள்: சாஸை பீர் டிபென்டன்சியில் (பிளகினைப் பயன்படுத்தும் புராஜெக்டில் இருக்க வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியல்) ஆப்ஷனல் என்று குறியுங்கள். விட்டுவிட்டால், பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் (npm) 7ஆம் பதிப்பு முதல் அதைத் தானாக நிறுவிவிடும். அப்புறம், எஸ்சிஎஸ்எஸ் வந்தால் மட்டும் சாஸை இம்போர்ட் செய்யுங்கள்.

பார்த்து முடித்தவர்கள் புதன் இரவுக்குள் ‘சரி’ என்று பதில் போடுங்கள். பில்டு உடைந்தால் பிழைச்செய்தியை முழுதாக அனுப்புங்கள்.