மருந்து அடிக்குமுன் எந்த இலை என்று கேட்கச் சொல்லித் தாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டுத்தோட்டப் பயிற்சி நடத்தும் விவசாயப் போதனாசிரியர்களுக்கு,

வணக்கம்.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் மணலில் எங்கள் வீடு. மார்கழி மழையில் வெளியே தக்காளி விதை போட்டால் முளை தலை தூக்குமுன் அள்ளுண்டு போய்விடும். அதனால் நாற்றுத்தட்டை வீட்டுக்குள் யன்னலோரம் வைக்கிறோம். தை பிறந்து மழை விட்டதும் நிலத்தில் நடலாம் என்பது கணக்கு.

இம்முறை திலின என்ற தக்காளி இனம் போட்டேன். நன்றாக முளைத்தது. மூன்றாம் கிழமை இலை விளிம்பெல்லாம் தீய்ந்ததுபோல் பழுப்பாகியது. ஒரு கடையில் படத்தைக் காட்டினேன். பங்கசு என்று சொல்லி ஒரு மருந்து தந்தார்கள். அடித்தேன், கன்று இன்னும் சுருண்டது. பிறகு இன்னொரு மருந்து. அந்தக் காசுக்குச் சந்தையில் தக்காளியே வாங்கியிருக்கலாம்.

பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “எந்த இலை மகள், அடி இலையா குருத்தா?” இரண்டாவது: “தும்புத்தூளைக் கழுவித்தானே போட்ட?” தட்டில் மண்ணுக்குப் பதிலாக நான் போட்டது தேங்காய்த் தும்புத்தூள். கழுவவில்லை. பையில் மிச்சம் கிடந்ததை நனைத்துப் பிழிந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். கரித்தது. கழுவாத தும்புத்தூளில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாக இருக்கும். அதற்கு மேல் சவர்த்தன்மையுள்ள எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றினால் இளம் வேர் என்ன செய்யும்? இலை விளிம்பில்தான் அது தெரியும். மழைத்தண்ணீரில் மூன்று நான்கு தடவை ஊறவைத்துப் பிழிந்தால் போதும். மாரியில் மழைத்தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

மாமியின் அந்த முதல் கேள்வியைத்தான் பயிற்சியில் எங்களுக்குப் பழக்குங்கள் என்று கேட்கிறேன். நான் போன பயிற்சியில் மருந்தின் அளவு சொன்னார்கள், இலையைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை.

உண்மை இலைகள் நாலைந்து வந்தபிறகு, விதையிலிருந்து முதலில் விரிந்து அடியில் நிற்கும் இரண்டு வித்திலைகளும் மஞ்சளாகி உதிர்வது வழமை. அதைப் பார்த்துப் பயந்து உரம் கொட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அடி இலைகள் முழுவதுமாக வெளிறினால் பெரும்பாலும் நைதரசன் பசி. தும்புத்தூளில் சாப்பாடு ஒன்றும் இல்லை. உண்மை இலை விட்டதும் தண்ணீரில் கரைக்கும் உரமான அல்பேர்ட் கரைசலைப் பாதிச் செறிவில் கொடுக்கலாம். அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். அதே கோலம் குருத்தில் வந்தால் இரும்பு. இலையின் அடிப்பக்கம் ஊதாவாகினால் பொசுபரசு என்பார்கள். ஆனால் தட்டில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் அந்த நிறம் வரும், அதனால் முதலில் தட்டின் ஓட்டையைப் பாருங்கள்.

மழைக்காக யன்னலை நாள் முழுக்கச் சாத்தினால் இலையின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும். இது நோயில்லை. வேர் குடித்த தண்ணீரை ஈரக்காற்றில் இலையால் வெளியே விட முடியவில்லை, அவ்வளவுதான். தண்ணீரைக் குறைத்துக் காற்றாட விட்டால் புது இலை சுத்தமாக வரும். அப்புறம், மழை விட்ட முதல் நாளே கன்றுகளைக் கொண்டுபோய் நடு வெயிலில் வைத்து, இலையில் வெள்ளைத் திட்டு விழுந்ததும் அலறுவது. இதை நானும் செய்திருக்கிறேன். காலை வெயிலில் ஒரு மணித்தியாலம் தொடங்கி, ஒரு கிழமையில் பழக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் இரக்கம் காட்டக்கூடாது. குருத்து இலை சிறுத்து, விளிம்பு மஞ்சளாகி மேல்நோக்கிக் கிண்ணம்போல் மடங்கி, கன்றும் வளராமல் நின்றால், அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரசு. அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அகற்றச் சொல்லுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு உப்பு அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டு வாருங்கள். ஆளுக்கொரு போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வருகிறோம். பயிற்சி எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், என் தட்டில் மிஞ்சியிருக்கும் பழுப்பு இலைகளையும் எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு வீட்டுத்தோட்டக்காரி