மஸ்டர் ரோல் வைத்திருந்தவர்கள் அடிமைகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எகிப்தின் லக்சர் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. ஏ.சி. வேன், வழிகாட்டி, விடியற்காலை பலூன் என்று பெரிய தொகை செலவழிக்காமல் நைலின் மேற்குக் கரையைப் பார்க்கவே முடியாது என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். பழைய எகிப்திய மன்னர்களைப் புதைத்த மன்னர்களின் பள்ளத்தாக்குக் கல்லறைகளைச் சாட்டையடி பட்ட அடிமைகள் குடைந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். முதலாவதை விட்டுவிடலாம், அவரவர் பர்ஸ், அவரவர் விருப்பம். இரண்டாவதை விட மனம் வரவில்லை. நான் ஒரு நூற்பாலையில் 31 வருடம் தொழிலாளர் வருகையைக் குறிக்கும் டைம் கீப்பராக இருந்தவன்.

போன ஜனவரியில் கெய்ரோவிலிருந்து இரவு ரயிலில் லக்சர் போய் இறங்கினேன். லக்சர் கோயிலுக்கு முன்னால் உள்ள துறையில் உள்ளூர் ஜனங்கள் ஏறும் படகு இருக்கிறது. நம் டவுன் பஸ் மாதிரிதான்: பள்ளிப் பிள்ளைகள், காய்கறிக் கூடை, சைக்கிள் எல்லாம் ஏறும். சில பவுண்டு கொடுத்தால் பத்து நிமிடத்தில் மேற்குக் கரை. அங்கே நாள் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். முன் பிரேக் பிடிக்காது, பின் பிரேக் மட்டும்தான் என்பது கிளம்பிய பிறகு தெரிந்தது. நல்ல வேளையாக, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்தச் சாலை மலையடிவாரம் வரை சமதரைதான்.

முதலில் வருகிற மெம்னான் சிலைகளுக்கு டிக்கெட் கிடையாது. ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்தில், முகம் சிதைந்து உட்கார்ந்திருக்கும் மூன்றாம் அமென்ஹோடெப் மன்னரின் இரண்டு சிலைகள். அவற்றைத் தாண்டியதும் டிக்கெட் கவுன்டர். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பவுண்டுத் தாளை நீட்டினால், உள்ளே இருந்தவர் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். கார்டு மட்டும்தானாம். என் கார்டை வெளிநாட்டுக்கு இயக்கி வைக்க நான் மறந்துபோயிருந்தேன். பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பெண் தன் கார்டைத் தேய்த்து, என்னிடம் பணமாக வாங்கிக்கொண்டாள். பலூனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

மன்னர்களின் பள்ளத்தாக்கை மறுநாளுக்கு வைத்துக்கொண்டு, அன்று நான் முதலில் போனது தேர் எல்-மெதினா. உங்கள் கட்டுரையில் இந்தப் பெயரே இல்லை. அரைநாள் வேன்காரர்கள் இங்கே நிறுத்துவதும் குறைவு. அலபாஸ்டர் கடைக்கு மட்டும் தவறாமல் நிறுத்துகிறார்கள். பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து, பூசி, வண்ணம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் இதுதான். சுற்றுச்சுவருக்குள் எழுபது வீடுகள் வரை இருந்திருக்கின்றன. இப்போது இடுப்பளவுக் கற்சுவர்கள் நிற்கின்றன. நடுவே ஒரு சந்து. வாசல் அறை, நடு அறை, பின்னால் அடுப்படி என்று ரயில்பெட்டி போல நீளவாக்கில் வீடுகள். எங்கள் ஆலை லைன் வீடுகளை அப்படியே கூரை எடுத்துப் பார்த்தது போலிருந்தது. தண்ணீர் இல்லாத பொட்டல் அது. கீழிருந்து கழுதைமேல் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள்.

இவர்களில் ஒருவரான சென்னெஜெமின் கல்லறை 1886இல் கண்டெடுக்கப்பட்டது. குறுகலான படிகளில் தலையைக் குனிந்து இறங்கினால், நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிய அறை. சுவரெல்லாம் மஞ்சள் பூச்சு. மறுஉலக வயலில் சென்னெஜெம் மாட்டைப் பூட்டி உழுகிறார், அவர் மனைவி பின்னால் விதைத்துக்கொண்டே வருகிறார். இருவரும் வெள்ளை வெளேர் என்று விசேஷத்துக்குப் போகிறவர்கள் போல உடுத்தியிருக்கிறார்கள். 3,200 வருடத்து வண்ணம், நேற்று தூரிகையைக் கழுவி வைத்தது போல இருக்கிறது. பகலெல்லாம் ராஜாவின் கல்லறைக்கு வேலை செய்தவர், தனக்கும் ஒன்று செய்துகொண்டிருக்கிறார். அடிமைக்கு ஏது ஐயா இது?

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். அந்த ஊர்த் தொழிலாளர்களின் மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராமேசஸ் மன்னரின் 40ஆம் ஆட்சியாண்டில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதியது. நான் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். 40 பேரின் பெயர்கள், வராத நாட்கள், அவற்றின் மேல் சிவப்பு மையில் காரணம். தேள் கொட்டியது. கண் நோவு. தாயின் உடலைத் துணி சுற்ற வேண்டும். பியர் காய்ச்ச வேண்டும். எழுத்தருக்காகக் கல் சுமக்கப் போயிருந்தான் என்றும் சில பதிவுகள். மேலதிகாரி தன் சொந்த வேலைக்கு ஆளை இழுத்துக்கொள்வது அன்றைக்கே உண்டு போலிருக்கிறது. நானும் சிவப்பு மையில்தான் எழுதினேன்.

கூலி தானியமாக வந்தது. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. அவர்கள் மூட்டை ஒன்று சுமார் 77 லிட்டர். கோதுமை என்றால் நம் சம்பா கோதுமை இனம். கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், இந்தக் கூலி வராமல் நின்றது. "பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது" என்று சொல்லி, கருவிகளைப் போட்டுவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டி இறங்கிப்போய் ஒரு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். எழுதிவைக்கப்பட்ட வேலைநிறுத்தங்களில் உலகில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். அமென்நக்த் என்ற அவர்கள் ஊர் எழுத்தரே அதை எழுதிவைத்தார். அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) இத்தாலியில் தூரின் நகரில் இருக்கிறது. சம்பளம் 20ஆம் தேதி தாண்டிய மாதங்களில் எங்கள் ஆலை கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களின் பெயர்களை நானே குறித்திருக்கிறேன். அதனால் அந்த 18 என்ற எண்ணைப் படித்தபோது சற்று நேரம் நகர முடியவில்லை.

மத்தியானம் இரண்டாம் ராமேசஸின் கோயிலான ராமேசியத்துக்குச் சைக்கிளை விட்டேன். எல்லோரும் விழுந்து கிடக்கும் ராட்சதச் சிலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கோயிலுக்குப் பின்புறம் போனேன். பச்சைச் செங்கல்லில் வளைவுக் கூரை போட்ட கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன; சில இன்னும் கூரையோடு நிற்கின்றன. வேலையை நிறுத்தியவர்கள் மறுநாள் வந்தது இந்தக் கோயிலுக்குத்தான். தானியம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். அந்தச் சுவர் நிழலில் உட்கார்ந்து, வழியில் வாங்கிய ரொட்டியையும் தாமியாவையும் சாப்பிட்டேன். தாமியா பெரிய அவரைப் பயற்றை அரைத்துப் பொரிப்பது. நம் மசால்வடைக்கு அக்கா மகள் என்று சொல்லலாம், உள்ளே பச்சைப்பசேல் என்றிருக்கும். காவலாளி வந்தார். பக்ஷீஷ் (இனாம்) கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்துவிட்டுப் போனார்.

பிரமிடுகளையும் அடிமைகள் கட்டவில்லை என்று ஆய்வாளர்கள் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. கீசாவில் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே அவற்றைக் கட்டியவர்களின் கல்லறைகள் 1990இல் கிடைத்தன. ஆகவே அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
இராஜபாளையம்

பின்குறிப்பு: கட்டுரையின் கடைசிப் படத்துக்கு "ஹட்ஷெப்சூத் அரசியின் கோயில்" என்று போட்டிருக்கிறீர்கள். அது மெதினெத் ஹாபு கோயில். பகைவர்களின் முடியைக் கொத்தாகப் பிடித்து மன்னர் அடிக்க ஓங்குவது முன்கோபுரச் சுவரில் தெளிவாகத் தெரிகிறது. கூலி பாக்கி வைத்த அதே மூன்றாம் ராமேசஸ்தான்.