பாப்பாவுக்கு, லேப்டாப் விஷயமா

பாப்பா,

உன் மெசேஜ் பார்த்தேன். ஒரே வரி. "அம்மா வெயிட் கம்மியா நல்ல பிசினஸ் லேப்டாப் எது, சொந்தமா வாங்கப்போறேன்". போன்ல சொல்லலாம்னா நீ எடுக்கறதில்ல, எடுத்தாலும் அப்புறம் பேசறேன்மான்னு வெச்சுடற, அதான் மெயிலாவே எழுதறேன். நிதானமா படி, பாதியில மூடிடாதே.

முதல்ல ராம், ஓடற வேலையை வெச்சுக்கற மெமரி. 16 ஜிபிக்கு கீழ எவ்வளவு குறைச்சு தந்தாலும் வேண்டாம். தடிமனான மெஷின்னா இப்ப 8 வாங்கிட்டு அப்புறம் ஒண்ணு சேர்த்து போட்டுக்கலாம், இந்த மெல்லிசு மாடல்ல பெரும்பாலும் ராமை மதர்போர்டுலயே சால்டர் பண்ணி அனுப்பிடறாங்க. ஸ்லாட் வெச்சா உயரம் கூடும், அதோட இந்த எல்பிடிடிஆர் வகை ராம் சிபியு சிப்புக்கு ஒட்டி இருந்தாதான் அந்த வேகத்துல, அவ்வளவு கம்மி கரண்ட்ல ஓடும். அதனால வாங்கற அன்னிக்கு என்ன இருக்கோ அதுதான் கடைசி வரைக்கும். ஃபைல் சேமிக்கற எஸ்எஸ்டி டிஸ்க் அப்படி இல்ல, பெரும்பாலும் எம்.2ன்னு தனி கார்டுதான், ஒரு ஸ்க்ரூ கழட்டி பெருசா மாத்திக்கலாம், அதனால காசு பத்தலன்னா டிஸ்க்ல குறைச்சுக்கோ, ராம்ல குறைக்காதே.

உங்க ஆபீஸ்ல குடுத்ததும் இந்த வகைதானே? போன வருஷம் வந்தப்ப பார்த்தேனே, நல்லாதானே இருந்துச்சு. ரிப்பேரா? ரிப்பேர்னா உங்க ஐடி டீமே வேற குடுப்பாங்களே. சும்மா கேட்டேன்.

வெயிட் விஷயத்துக்கு வரேன். 2008ல ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்புக் ஏரை ஒரு கவருக்குள்ள இருந்து உருவி காட்டினப்ப எங்க செக்‌ஷன்ல எல்லாரும் சிரிச்சாங்க, நெட் வயர் சொருகற லேன் போர்ட் இல்ல, ஒரே ஒரு யுஎஸ்பி, இதை வெச்சு ஆபீஸ்ல என்ன கிழிக்கறதுன்னு. அதோட எடை கிட்டத்தட்ட 1.36 கிலோ. 2012ல முதல் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் வந்தப்பவும் ஏறக்குறைய அதே எடைதான். இப்ப அதே 14 இன்ச்சுல 1 கிலோவுக்கு பக்கத்துலயே கிடைக்குது, மெக்னீசியம் கலந்த பாடி, கார்பன் ஃபைபர் மூடி. தினமும் முதுகுல தூக்கறவங்களுக்கு அந்த வித்தியாசம் உண்மையிலேயே பெருசுதான், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா விளம்பரத்துல போடற எடை மெஷின் மட்டும், சார்ஜரும் வயரும் சேர்த்தா இன்னும் 300 கிராம் கிட்ட ஏறும், இல்லாத போர்ட்டுக்கு மாட்டற டாங்கிள் வேற. எங்க தூக்கிட்டு போகப்போறன்னு நீ சொல்லவே இல்லையே. வீட்டுல ஒரே டேபிள்லதான் உட்காரப்போறன்னா எடைக்கு குடுக்கற காசு தண்டம், ஊர் ஊரா அலையணும்னா சரி. அலையற வேலையா இப்ப? முன்னாடி அப்படி இல்லையே.

மெல்லிசுக்கு முதல் பலி சூடுதான். உள்ள இருக்கற சிபியு பெரும்பாலும் 15 வாட்ஸ் கிட்ட கணக்குல செஞ்சது, ஒரு வேலையை குடுத்ததும் முதல்ல அதுக்கு மேல நல்லா எகிறி பறக்கும், சின்ன ஃபேன், ஒல்லி ஹீட் பைப், சூட்டை வெளிய தள்ள இடம் இல்ல, கொஞ்ச நேரத்துல தானே வேகத்தை குறைச்சுக்கும். கடையில ரெண்டு நிமிஷம் தட்டி பார்த்தா இது தெரியவே தெரியாது. மெயில், எக்செல், பிரவுசர், வீடியோ காலுக்கு தாராளமா போதும். நீ பண்ற மாதிரி பெரிய சாஃப்ட்வேர் பில்டு ஓட்டறது, ஒரு மணி நேரம் வீடியோ ரெண்டர் பண்றதுன்னா திணறும். அதைத்தான் இனிமேலும் பண்ணப்போறியா, இல்ல வேற ஏதாவதா, அது தெரிஞ்சா மாடல் சொல்றது சுலபம். அப்புறம் காத்து இழுக்கற ஓட்டை அடியிலதான் இருக்கும், மெத்தை மேல வெச்சா அடைச்சுக்கும், நீ மெத்தை மேல வெச்சுத்தான் வேலை பார்ப்பன்னு எனக்கு தெரியாதா.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. இப்ப வர்ற விண்டோஸ் மெஷின்ல பழைய மாதிரி முழு தூக்கம் பெரும்பாலும் கிடையாது, மாடர்ன் ஸ்டான்ட்பைன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. மூடியை மூடினாலும் உள்ள பாதி முழிச்சுட்டேதான் இருக்கும், நெட்டை பார்க்கும், மெயிலை இழுக்கும், சில நேரம் அப்டேட்டும் ஓட்டும். பைக்குள்ள போட்டு கொண்டு போவ, திறந்து பார்த்தா கை சுடும், பேட்டரி பாதி காலி. எங்க ஆபீஸ்ல எத்தனை பேர் மெஷின் கெட்டுப்போச்சுன்னு தூக்கிட்டு வந்திருக்காங்க, ஒண்ணும் கெட்டிருக்காது. பவர் செட்டிங்ஸ்ல போய் மூடினா ஹைபர்னேட், அதாவது வேலையை டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு அணைஞ்சுடற மாதிரி மாத்திடு, திறக்கும்போது சில செகண்ட் கூட ஆகும், ஆகட்டும். அது தூங்கட்டும், நீயும் தூங்கு. உன் லாஸ்ட் சீன் விடிகாலை மூணேகால்னு காட்டுது. நான் தண்ணி குடிக்க எழுந்தேன், அப்ப பார்த்தது, வேவு பார்க்கல.

பிசினஸ் மாடலே வாங்குன்னு நானும் சொல்வேன், அதுல நீ சரியாதான் யோசிச்சிருக்க, சின்ன வயசுலயே வீட்டு சிபியுவை தனியா கழட்டி மாட்டினவளாச்சே. சாதாரண மாடலுக்கும் இதுக்கும் வித்தியாசம் வெளிய தெரியாது. ஹிஞ்ச் உறுதியா இருக்கும், நிறைய மாடல்ல 180 டிகிரி படுக்கும். கண்ணாடி மாதிரி மின்னாம மேட் ஸ்க்ரீன் வரும். சர்வீஸ் மேனுவலை கம்பெனியே வெளிய விட்டுடும், எந்த ஸ்க்ரூ எங்கன்னு படத்தோட இருக்கும். உதிரி பாகம் சில வருஷம் கிடைக்கும். மில் எஸ்டிடி 810ஹெச்னு ஒரு ராணுவ டெஸ்ட் பேரை போட்டிருப்பாங்க, அதை பார்த்து மயங்கிடாதே, மாதிரிக்கு சில பீஸை வெச்சு டெஸ்ட் பண்றதுதான், நீ கீழ போட்டு உடைச்சா வாரண்டி தராது. கேமராவுக்கு மேல தள்ளி மூடற சின்ன ஷட்டர் இருக்கும், நல்ல விஷயம். எங்ககிட்ட பேசும்போது அதை திறந்து வை. எத்தனை வாரமா உன் முகத்துக்கு பதிலா வட்டத்துக்குள்ள எழுத்தை பார்த்துட்டு இருக்கோம்.

போர்ட் கம்மியாதான் இருக்கும், லேன் போர்ட் இருக்காது, அந்த பாடியோட உயரத்துல அது நுழையாது. யுஎஸ்பி சி ரெண்டு இருக்கறதா பாரு, ஒண்ணே ஒண்ணு இருக்கறதை வாங்காதே, ஏன்னா சார்ஜும் அதுலதான், மானிட்டரும் அதுலதான், தினமும் சொருகி சொருகி அது ஆட்டம் கண்டுச்சுன்னா பல மாடல்ல அது மதர்போர்டோட சேர்ந்தது, முழு போர்டையே மாத்த சொல்வாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு இருந்தா இன்னும் நல்லது. கீபோர்டும் அப்படித்தான், சில மாடல்ல மேல் கவரோட சேர்த்தே வரும், ஒரு கீ போனாலும் மெஷின் முழுக்க பிரிக்கணும். தண்ணி சிந்தினா தாங்கும்னு போட்டிருக்கும், கொஞ்சமா சிந்தினா தாங்கும், சரியா.

பேட்டரி 50, 57 வாட் ஹவர்னு இருக்கும். பிளேன்ல ஸ்பெஷல் அனுமதி கேக்காம கொண்டு போற வரம்பு 100 வாட் ஹவர், அதனால பயணத்துக்கு பயமில்ல. பயணம் இருக்கோ இல்லையோ. எப்பவும் சார்ஜர்லயே சொருகி வெக்கறவளா இருந்தா 80 சதவீதத்தோட நிறுத்தற செட்டிங் இருக்கும், போட்டுடு. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தா லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகும், மெல்லிசு பாடியில வீங்கறதுக்கும் இடம் கிடையாது, டச்பேட் மேல தூக்கி க்ளிக் ஆகாம போச்சுன்னா அன்னிக்கே ஆஃப் பண்ணி சர்வீஸுக்கு குடுத்துடணும். சித்தப்பா என்ன பண்ணினாருன்னு உனக்கே தெரியும்.

புதுசுதான் வாங்கணும்னு இல்ல. கையிருப்பை யோசிச்சு பண்ணு. கம்பெனிங்க மூணு வருஷம் ஓட்டிட்டு கழிச்சு விடற பிசினஸ் மெஷின் செகண்ட்ஸ்ல நிறைய வரும், பழைய தடிமன் மாடல்னா ராமும் கூட்டிக்கலாம். வாங்கும்போது பேட்டரி ரிப்போர்ட் எடுக்க சொல்லு, டிசைன் கெப்பாசிட்டி எவ்வளவு, இப்ப ஃபுல் சார்ஜ் எவ்வளவு நிக்குதுன்னு ரெண்டையும் காட்டும். விண்டோஸுக்கு முன்னாடியே கேக்கற பயாஸ் பாஸ்வேர்ட் போட்டிருக்கான்னு பாரு. முக்கியமா விண்டோஸை ரீசெட் பண்ணி நெட் கனெக்ட் பண்ணி பாரு, பழைய கம்பெனி தன் லிஸ்ட்ல இருந்து எடுக்காம விட்டிருந்தா அவங்க பேரோட லாகின் கேட்டு நிக்கும், அப்புறம் அந்த மெஷின் உனக்கு சொந்தமே இல்ல.

கம்பெனி மெஷின்னதும் ஒண்ணு சொல்லணும். உன் ஆபீஸ் மெஷின்ல சொந்த போட்டோ, சர்டிபிகேட், சம்பள ஸ்லிப் ஏதாவது இருந்தா இப்பவே எடுத்து வெச்சுக்கோ, ஆபீஸ் ஃபைல் ஒண்ணைக்கூட தொடாதே, காப்பி பண்ணினது அவங்க லாக்ல விழும். என்னிக்காவது திருப்பி குடுக்கற மாதிரி வந்தா சீரியல் நம்பர் போட்டு வாங்கிக்கிட்டதுக்கு மெயில் கேளு. புது மெஷின்ல டிஸ்க்கை பூட்டி வெக்கற பிட்லாக்கருக்கு ரிகவரி கீ 48 இலக்கம் வரும், ஆபீஸ் மெஷினுக்கு ஐடி டீம் பத்திரமா வெச்சிருக்கும், சொந்த மெஷினுக்கு நீயேதான் வெச்சுக்கணும்.

மெஷின் குடுத்து வாங்கறதுதானே பாப்பா நான் பார்த்த வேலை. வேற இடம் கிடைச்சு போறவங்க சார்ஜரை மறந்துட்டு வருவாங்க, கேட்டா நாளைக்கு கொண்டு வரேன்னு சிரிப்பாங்க. போக சொல்லப்பட்டவங்க எல்லாத்தையும் கொண்டு வருவாங்க, சார்ஜர், மவுஸ், முதல் நாள் குடுத்த பை, பைக்குள்ள மடிச்ச வயரு, ஸ்க்ரீனை துடைச்சுக்கூட வெச்சிருப்பாங்க. அவங்கள்ல வேலை தெரியாதவங்கன்னு எனக்கு யாரும் ஞாபகம் இல்ல. பாதி பேரு எனக்கு ஏதாவது சிக்கல்னா முதல்ல கூப்பிடற ஆளுங்க. இதை ஏன் எழுதறேன்னு கேக்காதே, ஞாபகம் வந்துச்சு.

மாடல் முடிவானா முழு நம்பரை அனுப்பு, பேரை மட்டும் சொல்லாதே, ஒரே பேர்ல 8 ஜிபி ஒண்ணு 16 ஜிபி ஒண்ணு, மங்கலான ஸ்க்ரீன் ஒண்ணு நல்ல ஸ்க்ரீன் ஒண்ணுன்னு விப்பாங்க, நான் ஸ்பெக் பார்த்துட்டு சொல்றேன். 16. மறக்காதே. பில் உன் பேர்ல இருக்கட்டும், கம்பெனி பேர்ல போடாதே. பாதி பணம் நான் போடறேன், கடனா வெச்சுக்கோ, வேண்டாம்னு மட்டும் சொல்லாதே. அப்பாகிட்ட பாப்பா லேப்டாப் வாங்கறான்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்.

அம்மா