ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் மகனுக்கு

லசால், இலினாய்
1842 அக்டோபர் 30

அன்பு மகனே,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பூட்ஸுக்கு அடித்தோல் மாற்றினாயா? மாற்றிவிடு.

கால்வாயில் மண்வெட்டிச் சத்தமே இல்லை. மாநிலத்திடம் பணம் இல்லையாம். கூலிக்குப் பதிலாகக் கொடுத்த சீட்டுகள் பெட்டிக்குள் கிடக்கின்றன; கடைக்காரர் அதில் போட்டிருக்கும் மதிப்புக்கு எடுக்க மாட்டேன் என்கிறார். பிப்ரவரியில் ஸ்டேட் பேங்க் படுத்தது. ஆகஸ்டில் உங்கள் ஆடிட்டர் ஷீல்ட்ஸ், அந்த பேங்க் நோட்டை வரிக்கு வாங்கக் கூடாது, தங்கமோ வெள்ளியோதான் வேண்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளிக்கு எங்கே போவது என்று எல்லோரும் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள், நான்தான் கையெழுத்துப் போட்டது போல.

ஆனாலும் ஷீல்ட்ஸ் அயர்லாந்தின் வடக்கே டைரோனில் பிறந்தவர், இந்த மாநிலத்துக்கு வந்து கஸ்காஸ்கியாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், 1836இல் சட்டசபைக்குப் போனார், இன்று மாநிலத்தின் கணக்கையே பார்க்கிறார். அவர் அலுவலகத்தில் என் மகன். பூசை முடிந்து இதை நாலு பேரிடம் சொல்லாமல் நான் வீடு திரும்பியதில்லை. அயர்லாந்தின் தெற்கே கார்க் பக்கத்து ஆள் வடக்கத்தியைப் புகழ்கிறானே என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சேதியும் பூசைக்குப் பிறகுதான் காதில் விழுந்தது. ரெபெக்கா என்ற பெயரில் யாரோ அவரைப் பத்திரிகையில் கிண்டல் செய்தார்களாம். எழுதியது வக்கீல் லிங்கனாம். செப்டம்பர் 22 அன்று ஆல்டனுக்கு எதிரே, ஆற்றைத் தாண்டி மிசூரிப் பக்கம், இரண்டு பேரும் வாள்சண்டைக்குப் போய் நின்றார்களாம். கூட வந்தவர்கள் கடைசி நேரத்தில் சமாதானம் செய்துவைத்தார்களாம். குமாஸ்தாக்கள் யாராவது கூடப் போனார்களா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் சவால்கள் பறக்கின்றனவாம். சரி, அது பெரியவர்கள் விவகாரம். ஈரத்தில் பழைய பூட்ஸோடு அலையாதே.

எழுத்தில் சீண்டினால் எழுத்தில் பதில் கொடு. உன்னைப் படிக்க வைத்தது அதற்குத்தான்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1838 ஜூனில் கால்வாயில் எங்கள் கார்க் கூட்டமும் வடக்கத்திக் கூட்டமும் அடித்துக்கொண்டபோது, நான் குடிசையிலேயே படுத்துக் கிடந்ததாக உன்னிடம் சொன்னேன். பொய். நானும் போனேன். யாரென்றே தெரியாத ஒருவனை மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். விழுந்தான். ஷெரிஃபின் ஆட்கள் சுட ஆரம்பித்ததும் ஓடி வந்துவிட்டேன். அவன் எழுந்தானா என்று இன்றுவரை தெரியாது. அவன் பேச்சும் உங்கள் ஷீல்ட்ஸின் ஊர்ப்பேச்சு மாதிரிதான் இருந்திருக்கும். அன்று ராத்திரி என் சட்டையை அலசியவன் நீ. உனக்குப் பதினான்கு வயது. சேறு என்றேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய், ஒன்றும் கேட்கவில்லை.

தபால் கூலிக்கு ஒரு வெள்ளிக்காசு ஒதுக்கி வைத்திருக்கிறேன். நீ கட்ட வேண்டாம், இங்கே வாங்கும்போது கொடுத்துக்கொள்கிறேன். நாலு வரி போதும். கூட இருப்பவர்கள் யாரையும் எழுதச் சொல்லாதே. உன் கையாலேயே எழுது.

அப்பா