செடியின் பெயரோடு ஊர் வழக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு,

செடிகளை இனங்கண்டு பெயரிட்டு வகைப்படுத்தும் தாவர வகைப்பாட்டியல் படிக்கக் கல்லூரிகளில் ஆளில்லை என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். கவலை சரிதான். ஆனால் லத்தீன் பெயர் வைப்பதோடு அத்துறை முடிந்துவிடுவதுபோல் எழுதியிருப்பது ஒப்பவில்லை. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், பின்னர் இங்கிலாந்து சென்று, 1951இல் நேரு அழைத்ததன் பேரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கத் திரும்பி வந்தார். கடைசிக் காலத்தில், மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், மருத்துவச் செடிகளிலும் மக்களின் தாவர வழக்கிலும்தான் மூழ்கியிருந்தார். செடியை வகைப்படுத்துவதும் ஊர் வழக்கைக் கேட்டறிவதும் ஒரே வேலை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

நான் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை மாணவர்கள் கீழாநெல்லி என்று பறித்து வந்த செடிக்கட்டினை, களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி வாங்கிப் பார்த்தார். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டியிருந்தவற்றை மட்டும் உருவித் தனியே போட்டார். “இது வேற, சாமி.” உண்மையிலேயே வேறு சிற்றினம்! எங்கள் கையிலிருந்த உருப்பெருக்கி பைக்குள் போய்விட்டது. செடியை உலர்த்தி ஒட்டிவைக்கும் உலர்தாவரத் தாள்களில் பறித்த இடம், தேதியோடு உள்ளூர்ப் பெயர், பயன், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயர் ஆகியவற்றையும் கட்டாயம் பதியுமாறு பல்கலைக்கழகங்கள் செய்முறைத் தேர்வு விதியைத் திருத்தலாம்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை