1000 வாட் என்று விற்ற க்ரோ லைட்: விற்பனையும் பொருத்தலும் குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் ரசீதில் உள்ள வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: வீட்டுப் பசுமைக்குடிலில் நீங்கள் விற்றுப் பொருத்திய 4 க்ரோ லைட்டுகள் (செடி வளர்ப்பு விளக்குகள்) – மின்கசிவு, அறிவித்த திறன் இல்லாமை, தவறான டைமர் அமைப்பு – முழுப் பணத்தையும் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உயிருக்கு ஆபத்தான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செடிகளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் ஆள் விளக்குகளை மாட்டிவிட்டுப் போன பிறகு, மூடுபனி இறங்கிய ஒரு காலையில் தண்ணீர் ஊற்றக் குடிலுக்குள் போனேன். ஈரக் கையோடு குடிலைத் தாங்கும் ஜி.ஐ. இரும்புப் பைப்பைப் பிடித்ததும் தோள் வரை சுரீரென்று இழுத்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் கையை எடுக்க முடிந்தது. மெயினை அணைத்துவிட்டு எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் மேலே ஏறிப் பார்த்துச் சொன்னது இது: கூரை உச்சியில், தண்ணீர் சொட்டும் இடத்திலேயே வயரை இணைத்து, வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். டேப் நனைந்து, கரண்ட் பைப்புக்கு இறங்கியிருக்கிறது. மூன்று கம்பி கொண்ட கேபிளில் எர்த் கம்பி இரண்டு முனையிலும் வெட்டிவிடப்பட்டிருக்கிறது. லைன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அடுக்களையில் மிக்ஸி போடும் பிளக் பாயிண்டிலிருந்து.

எங்களுடையது பழைய வீடு. மெயின் போர்டில் எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்ச் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ஆள் அந்தப் போர்டைத் திறந்து பார்த்தவர்தான். இந்த அளவு கசிவுக்கெல்லாம் எம்.சி.பி. விழாது, அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டுமே. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று அந்த லைனில் இருந்திருந்தால், கசிவு அந்த அளவைத் தொட்டதுமே லைன் துண்டாகியிருக்கும். ஈரமான இடத்துக்கு லைன் இழுக்கும்போது அதைப் போடச் சொல்வது மின்வேலை தெரிந்தவரின் முதல் கடமை. பொருத்துக்கூலி என்று தனியாக ரூ. 4,500 வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைத்தது இந்த வயரிங்தான்.

பாலிஹவுஸ் என்ற பிளாஸ்டிக் குடிலுக்குள் இரவில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மண்ணும் இலையும் விடும் ஈரம் மேலே போய், குளிர்ந்த பிளாஸ்டிக் ஷீட்டில் பட்டுத் துளித் துளியாக இறங்கும். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விடிகாலை ஈரப்பதம் நூறு சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் தொங்கும் விளக்கின் டிரைவர் (விளக்குக்கு ஏற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) மேல் ஐபி 20 என்ற பாதுகாப்புக் குறியீடு அச்சாகியிருக்கிறது. விரல் உள்ளே போகாமல் தடுக்கும் என்பதுதான் அதன் பொருள், தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் ஐபி 65 வகையைத் தந்திருக்க வேண்டும், அல்லது டிரைவரைத் தனியே ஈரம் புகாத பெட்டியில், குடிலுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் "பசுமைக்குடிலுக்கு ஏற்றது" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. வாரண்டி அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில், ஈரத்தால் பழுதானால் வாரண்டி செல்லாது என்றிருக்கிறது. குடிலுக்கென்று விற்கும் பொருளுக்கு ஈரத்தால் வரும் பழுதைத்தானே முதலில் ஏற்க வேண்டும்? இந்த இரண்டு வாசகங்களும் ஒரே பெட்டிக்குள் எப்படி வந்தன என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

எல்.ஈ.டி. டிரைவருக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். நீங்கள் தந்த நான்கு டிரைவர்களிலும் பதிவு எண் எங்கும் இல்லை. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

அடுத்தது வாட் கணக்கு. ஒவ்வொரு விளக்கும் 1000 வாட் என்று கையேட்டில், பெட்டியில், ரசீதில் மூன்று இடங்களிலும் எழுதியிருக்கிறீர்கள். எலக்ட்ரீஷியன் வாட் மீட்டர் போட்டுப் பார்த்தார். ஒரு விளக்கு 98 வாட் எடுக்கிறது, மற்ற மூன்றும் ஏறக்குறைய அதே அளவு. இதைக் கேட்டபோது உங்கள் சேவை மையம் தந்த விளக்கம்: "ஒவ்வொன்றிலும் 100 சிப் இருக்கிறது, ஒரு சிப் 10 வாட், ஆகவே 1000 வாட்." அந்தச் சிப் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அந்த 10 வாட். நீங்கள் அதற்குக் கொடுப்பது 1 வாட்டுக்கும் குறைவு. தாங்கும் அளவைக் கொடுக்கும் அளவாக எழுதி விற்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். இந்தத் தொழிலில் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று உங்கள் ஊழியர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அது என் புகாரை எந்த விதத்திலும் குறைக்காது.

சரி, வாட்டை விடுங்கள். செடிக்கு உண்மையில் போய்ச் சேரும் ஒளி எவ்வளவு? கையேடு முழுக்கத் தேடினேன், லூமன் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சையை, சுமார் 555 நானோமீட்டரை, அதிகமாக உணர்வதால் அந்த நிறத்துக்கு லூமனில் கூடுதல் மதிப்பு. செடி உணவு தயாரிக்கப் பயன்படுத்துவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை. அந்தத் துகள்களின் எண்ணிக்கையை அளப்பது மைக்ரோமோல் என்ற அலகில். ஒரு நொடியில் விளக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது, எந்த உயரத்தில் தொங்கவிட்டால் செடி வைக்கும் மேடைமேல் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு விழும் என்ற இரண்டு எண்களும் இல்லாமல் க்ரோ லைட் விற்கவே கூடாது.

நீங்கள் தராததால் நானே கணக்குப் போட்டேன். உங்களுக்குச் சாதகமாகவே போட்டிருக்கிறேன். ஒரு வாட்டுக்கு நொடிக்கு 2 மைக்ரோமோல் என்று வைத்தால், 98 வாட் விளக்குகள் நான்குக்கும் சேர்த்து 784 மைக்ரோமோல். என் குடில் 20 அடிக்கு 10 அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். சிதறலே இல்லாமல் எல்லா ஒளியும் கீழே விழுந்தாலும் சதுர மீட்டருக்கு 42தான். டைமர் 16 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). நான் வளர்க்கும் லெட்டூஸ் கீரை நன்றாக வளர நாளொன்றுக்கு 12 முதல் 17 மோல் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. மீதியை வெயில் தரும் என்பீர்கள். வெயில் எட்டிப்பார்க்காத அக்டோபர், நவம்பருக்காகத்தான் நான் விளக்கே வாங்கினேன். அதை ஆர்டர் கொடுத்த அன்றே சொல்லியிருக்கிறேன்.

ஒரு விளக்கு 50 சதுர அடிக்குப் போதும் என்று சொல்லி, 200 சதுர அடிக்கு நான்கு என்று உங்கள் விற்பனையாளர் கணக்குக் கொடுத்தார். சதுர மீட்டருக்கு 200 மைக்ரோமோலாவது வேண்டும் என்று வைத்தால், நான்கும் சேர்ந்தே 42 சதுர அடிக்குத்தான் வரும். போதாததற்கு உங்கள் ஆள் அவற்றைக் கூரை உச்சிப் பைப்பில், மேடையிலிருந்து 5 அடிக்கும் மேலே, இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஏற்றி இறக்கும் கயிறு பெட்டியில் இருக்கும் என்று கையேடு சொல்கிறது, இல்லை. பக்கவாட்டில் பாதி ஒளி சுவர் ஷீட்டைத் தாண்டி வெளியே போகிறது. இரவில் தெருவிலிருந்து பார்த்தால் ஊதா வெளிச்சத்தில் குடில் பளிச்சென்று தெரிகிறது, உள்ளே லெட்டூஸ் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாய்ந்து கிடக்கிறது.

இனி நான் மிகவும் வருந்தும் பகுதி. குடிலின் ஒரு பக்க மேடை முழுக்கச் சாமந்தித் தொட்டிகள். வருடா வருடம் கார்த்திகையில் பூத்துவிடும். விளக்கு போட்ட இந்த வருடம் ஒரு செடியில்கூட மொட்டு வைக்கவில்லை. இலை மட்டும் கருகருவென்று தழைத்து நிற்கிறது. உரம் போதவில்லை என்று உங்கள் சேவை மையம் இரண்டு டப்பா உரம் விற்கப் பார்த்தது.

காரணம் உரமே இல்லை. சாமந்தி குறும்பகல் தாவரம். அது பூக்க நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இரவு வேண்டும். நீலகிரியில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது, அதனால் இங்கே அதுபாட்டுக்குப் பூக்கும். உங்கள் ஆள் டைமரைக் காலை 6 முதல் இரவு 10 வரை வைத்துவிட்டு, "எல்லாச் செடிக்கும் இதுதான் சார், மாற்றாதீர்கள்" என்று சொல்லிப் போனார். சிவப்பொளி பட்டால் இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி இன்னும் பகல்தான் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒளி அதிகம் வேண்டியதில்லை, லெட்டூஸை வளர்க்கவே போதாத அந்த மங்கல் வெளிச்சம் சாமந்தியின் மொட்டைத் தடுக்கத் தாராளம். இங்கே கொய்மலர் (தண்டோடு வெட்டி விற்கும் பூ) வளர்ப்பவர்கள் இதையே ஒரு தொழில்முறையாக வைத்திருக்கிறார்கள்: தண்டு உயரும்வரை இரவில் பல்பு போட்டுப் பூவைத் தள்ளிப்போடுவார்கள், பிறகு கறுப்புத் துணி போட்டு மூடிப் பூக்க வைப்பார்கள். கோத்தகிரிக்கு வந்து க்ரோ லைட் மாட்டும் ஒருவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? "என்ன செடி வளர்க்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியை விற்றவரும் கேட்கவில்லை, மாட்டியவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு மேடைக்கும் இரண்டு டைமர், நடுவே ஒரு மறைப்புத் துணி, அவ்வளவோடு முடிந்திருக்கும்.

மாட்ட வந்த தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேகமாகவும் மரியாதையாகவும் வேலை செய்தார். பயிற்சி கொடுக்காமல், ஆர்.சி.சி.பி. கொடுக்காமல், ஈரம் புகாத ஜங்ஷன் பாக்ஸ் கொடுக்காமல் அவரை அனுப்பியது நிர்வாகம். ஷாக் எனக்கு அடித்தது, அவருக்கும் அடித்திருக்கலாம்.

ஊதா நிறத்தையும் சொல்ல வேண்டும். "செடிக்கு ஸ்பெஷல்" என்று அதைத்தான் வற்புறுத்தினார்கள். செடி சிவப்பிலும் நீலத்திலும் வளரும் என்பது உண்மையே. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரிகிறது. மூடுபனிக் காலத்தில் தினமும் தேட வேண்டிய சாம்பல் நோயும், இலைக்கடியில் ஒட்டும் சிலந்திப்பேனும் கண்ணுக்குப் படுவதில்லை. வெள்ளை எல்.ஈ.டி.யிலும் செடிக்குத் தேவையான சிவப்பும் நீலமும் இருக்கின்றன, கூடவே செடியைப் பார்க்கவும் முடியும். வீட்டுக் குடிலுக்கு அதுதான் பொருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மின்கட்டணம் "ஏறவே ஏறாது" என்றார்கள். 98 வாட் வீதம் நான்கு விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 6 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத ரீடிங்கில் 370 யூனிட்டைத் தாண்டும். வீட்டு உபயோகத்தையும் சேர்த்தால் 500ஐக் கடந்து கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. சொன்னபடி 1000 வாட்டாக இருந்திருந்தால் நாளைக்கு 64 யூனிட். இரண்டில் எதை வைத்து ஏறாது என்றார்கள்?

இவற்றையெல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிவிட்டேன். "பிரித்த பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்ற ஒரே பதிலை அனுப்பிப் புகாரை முடித்துவைத்துவிட்டீர்கள். ஆகவே இந்தக் கடிதம்.

நான் கேட்பவை இவை. நான்கு விளக்குகளின் விலை ரூ. 38,000ம் பொருத்துக்கூலி ரூ. 4,500ம் ஆக ரூ. 42,500ஐ முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். மாற்று விளக்கு வேண்டாம். எலக்ட்ரீஷியனுக்கு நான் கொடுத்த ரூ. 1,800ஐயும் தர வேண்டும். விளக்குகளை உங்கள் செலவில் கழற்றி எடுத்துச் செல்ல வேண்டும். இதே விளக்கை ஈரமான குடில்களில் பொருத்திய மற்ற வாடிக்கையாளர் அனைவருக்கும் மின்கசிவு அபாயம் பற்றி உடனே தெரிவிக்க வேண்டும். என் பணம் நான்கு நாள் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன், இதில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வேறு ஒரு வீட்டில் குழந்தை அந்தப் பைப்பைத் தொடக்கூடும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு போட அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடமளிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. 1000 வாட் என்று எழுதியது அதே சட்டத்தின் 2(28) பிரிவின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம், பொருத்திய விதம் 2(11)இன்படி சேவைக் குறைபாடு என்பது என் நிலைப்பாடு. குடில் வீட்டுத் தேவைக்கு மட்டுமே. பூவோ கீரையோ விற்பதில்லை, ஆகவே வணிக நோக்கம் என்ற வாதம் இங்கே எழாது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

விளக்குகளை எடுக்க வருகிறவர்கள், கூரை ஷீட்டில் வயர் நுழைக்கப் போட்ட துளைகளை அடைக்க வெயில் தாங்கும் யு.வி. டேப்பும் கொண்டு வரட்டும். அவற்றின் வழியே மழைத்தண்ணீர் நாற்றுத் தட்டில் இறங்குகிறது. வருவதற்கு முந்தின நாள் போன் செய்தால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.

இணைப்பு: ரசீது நகல், கையேட்டின் முதல் பக்கம், வாரண்டி அட்டையின் பின்புறம், டிரைவர் மற்றும் வாட் மீட்டர் புகைப்படங்கள், எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த குறிப்பு, வாட்ஸ்அப் உரையாடல் நகல்.